1,140 படங்கள், தெளிவாக ஒரு மீன்கொத்தி இல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், ஏரிக்கரையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, முதுகுவலியோடும் 1,140 படங்களோடும் திரும்பினேன். போனது சிறிய நீல மீன்கொத்தியைப் படம் எடுக்க. அன்று முதல் வீட்டிலும் நண்பர்களிடமும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். நான் இதில் கத்துக்குட்டி. மூன்று வருடமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், அவ்வளவுதான். இதேபோல ஒரு காலைப்பொழுதைத் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு எதுவாவது பயன்பட்டால் சரி.

படம் கிடைத்ததா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்.

1,140இல் மூன்றை வைத்துக்கொண்டேன். அவை எவை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவற்றில் நாணல் தண்டுகள் அபாரமாக விழுந்திருக்கின்றன. தண்டில் ஏறும் எறும்பின் கால்கூடத் தெரிகிறது. தகைவிலான் குருவியின் வால் 62 படங்களில் இருக்கிறது, தலை ஒன்றில்கூட இல்லை. முக்குளிப்பான் முங்கிய பிறகு தண்ணீரில் பரவும் வட்டங்கள் மட்டும் 40 படம். வட்டங்களை விரும்புகிறவர்கள் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

அன்று என்னதான் நடந்தது?

எத்தனை முறை சொன்னாலும் வயிறு எரிகிறது.

இடம் எனக்குப் பழக்கமானதுதான். கரையை ஒட்டி நாணல். அதைத் தாண்டி ஏறத்தாழ 25 மீட்டர் தொலைவில், தண்ணீருக்கு மேல் சாய்ந்த ஒரு காய்ந்த கிளை. அதில் மீன்கொத்தி வந்து உட்காருவதை இரண்டு வாரமாகப் பைனாகுலரில் பார்த்துவைத்திருந்தேன். நான் உட்கார்ந்த இடத்துக்கு நான்கு மீட்டர் முன்னால், யாரோ எப்போதோ நட்ட குச்சி ஒன்றும் தண்ணீரில் நின்றது. அதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன். ஏழரை வரை ஒன்றுமில்லை. அப்புறம் 'ட்சீ' என்று கூர்மையாக ஒரு விசில், தண்ணீரை ஒட்டி நேர்கோட்டில் ஒரு நீலக் கீற்று, கிளையில் மீன்கொத்தி. இருநூறு படம் எடுத்திருப்பேன். போய்விட்டது. எட்டேகால் மணிக்குத் திரும்பி வந்தது. இந்த முறை வந்து உட்கார்ந்தது அந்தக் குச்சியில்.

நான்கே மீட்டர். மூச்சை அடக்கிக்கொண்டு ஷட்டரைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் 'ஸ்ர்ர்' என்று முன்னே போய்ப் பின்னே வந்து நின்றது. வியூஃபைண்டரில் நீலமும் செம்மஞ்சளும் கலந்த ஒரு பஞ்சு உருண்டை. விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடியும் பஞ்சு. கேமராவுக்கு மேலாகத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பறவை தலையை இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டியது. மீனைக் கண்டுவிட்டது, தூரத்தை அளக்கிறது என்று அர்த்தம். பாய்ந்தது. கண் இமைப்பதற்குள் அலகில் மீனோடு அதே குச்சிக்கு வந்தது. மீனைக் குச்சியில் இரண்டு தடவை அடித்தது. தலைப்பக்கம் முதலில் உள்ளே போகிற மாதிரி அலகிலேயே திருப்பியது. விழுங்கியது. நான் மறுபடி வியூஃபைண்டருக்குள் போனேன். பஞ்சு. வெளியே வந்தபோது குச்சி காலி.

பிறகுதான் லென்ஸின் பக்கவாட்டைப் பார்த்தேன். ஃபோகஸ் எல்லைப் பொத்தான் '6 மீட்டர் முதல் முடிவிலி வரை' என்பதில் இருந்தது. ஆறு மீட்டருக்கு உள்ளே இருக்கும் எதையும் தேடாதே என்று லென்ஸுக்கு நானே உத்தரவு போட்டு வைத்திருந்தேன். அது சொன்னபடி கேட்டது.

அப்படி ஒரு பொத்தானை ஏன்தான் வைத்தார்கள்?

நல்லதுக்குத்தான். தொலைநோக்கு லென்ஸ் ஃபோகஸைத் தவறவிட்டால் மிக அருகிலிருந்து மிகத் தூரம்வரை மொத்தப் பாதையையும் ஒருமுறை துழாவிவிட்டு வரும். வானத்தில் பருந்து சுற்றும்போது அந்தத் துழாவலுக்குள் பருந்து போய்விடும். கிட்டத்தில் தேடவேண்டாம் என்று எல்லை போட்டுவிட்டால் லென்ஸ் சட்டென்று பிடிக்கும். முந்தின வாரம் பருந்துகளுக்காக அப்படி வைத்தேன், திருப்பி வைக்க மறந்தேன்.

இதில் இன்னொரு வேதனை. அந்த எல்லை ஆட்டோஃபோகஸுக்கு மட்டும்தான். கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பியிருந்தால் நான்கு மீட்டரில் சுகமாகப் பிடித்திருக்கும். பறவை அந்தக் குச்சியில் முக்கால் நிமிடமாவது இருந்தது. வளையம் என் இடது கையின் பெருவிரலுக்கு அடியிலேயே இருந்தது.

கைபேசியில் எடுத்திருக்கலாமே?

நான்கு மீட்டரில் 16 சென்டிமீட்டர் பறவை, கைபேசியின் சாதாரண லென்ஸில் படத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. அதைவிட, சட்டைப்பைக்குள் கையை விட்ட மறுகணம் அது போயிருக்கும்.

குச்சிக் கதை இருக்கட்டும். தூரத்துக் கிளையில் எடுத்த இருநூறு படங்கள் என்ன ஆயின?

முதல் ஐம்பது முழுக்கக் கலங்கல். முந்தின நாள் மாலை பூக்களை எடுத்தபோது வைத்த 1/125 நொடி ஷட்டர் வேகம் அப்படியே இருந்தது. (ஆமாம், இதுவும் மறதிதான். அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு நாள்.) அடுத்து ஒரு நாற்பது படங்களில் ஃபோகஸ் நடுவில் இருந்த நாணலில் விழுந்திருக்கிறது. கேமராவுக்கு எது பறவை என்று பெரும்பாலும் தெரியாது. கிட்டத்தில், பளிச்சென்று, கோடு கோடாக இருப்பதைத்தான் அது முதலில் பிடிக்கும். நாணல் அதற்கு விருந்து. ஃபோகஸ் பரப்பு முழுவதையும் திறந்து வைத்ததற்குப் பதிலாக ஒற்றைப் புள்ளியை மட்டும் தேர்ந்து பறவையின் தலையில் வைத்திருக்க வேண்டும். புதிய கேமராக்கள் சில பறவையின் கண்ணையே தேடிப் பிடிக்கின்றன. என்னுடையது அந்தக் காலத்துக்கு முந்தியது.

மீதி நூற்றுச் சொச்சம் ஓரளவு தெளிவு. ஆனால் பறவை புள்ளியாக இருக்கிறது.

400 மி.மீ. தொலைநோக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு எப்படிப் புள்ளியாக வரும்?

எனக்கும் இது முதலில் புரியவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பறவை 16 செ.மீ., தூரம் 25 மீட்டர், லென்ஸ் 400 மி.மீ. என்றால், படத்தைப் பதியும் சென்சாரில் விழும் பிம்பம் இரண்டரை மில்லிமீட்டர்தான். என் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அளவிலான சென்சார், ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலம். ஆக, அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை சேர்த்தாலும் படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சலில் படத்தின் அகலம் 6,000 பிக்சல். பறவைக்குக் கிடைத்தது 650. அந்த 650க்குள்தான் கண், அலகு, இறகு எல்லாம் அடங்க வேண்டும்.

கேமராத் திரையில் பார்க்கும்போது இது உறைக்காது. அங்கே எல்லாமே சின்னதாக, அழகாக, கூர்மையாகத் தெரியும். வீட்டுக்கு வந்து கணினியில் முழு அளவில் திறக்கும்போதுதான் மனசு விட்டுப்போகிறது.

அப்போ 600 மி.மீ. லென்ஸ் வாங்கிவிட வேண்டியதுதானே?

என் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்பது நான் மட்டும்தான்.

600 மி.மீ. வாங்கினால் பிம்பம் ஒன்றரை மடங்காகும். அதே 400ஐ வைத்துக்கொண்டு 25 மீட்டருக்குப் பதிலாகப் பன்னிரண்டரை மீட்டரில் உட்கார்ந்தால் பிம்பம் இரண்டு மடங்கு, பரப்பளவில் நான்கு மடங்கு. தூரத்தைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இடையில் இருக்கும் காற்று குறைகிறது, குறுக்கே வரும் நாணலும் குறைகிறது. பெரிய லென்ஸ் காற்றையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். எடை வேறு, இரண்டு கிலோ லென்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்து பாருங்கள், பறவை வரும் நேரத்தில் கை இறங்கியிருக்கும்.

பெரிய லென்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குறைந்தது லென்ஸ் இல்லை.

கிட்டத்தில் போனால் பறந்துவிடுமே?

போனால் பறந்துவிடும். உட்கார்ந்திருந்தால் சில சமயம் அதுவே வரும். குச்சிக்கு வந்ததே, அது நான் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்ததற்குக் கிடைத்த பலன்.

ஒவ்வொரு பறவைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் எழுந்துவிடும். எழுவதற்கு முன்பே அறிகுறி காட்டும்: மேய்வதை நிறுத்தும், கழுத்தை நீட்டும், உடம்பை ஒடுக்கிக்கொள்ளும், நம்மையே பார்க்கும். அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். முடிந்தால் ஓரடி பின்வாங்க வேண்டும். நேராக நடந்து போவதைவிடக் குறுக்காக, அதைக் கவனிக்காத மாதிரி போவது நல்லது. தரையோடு தாழ்ந்து இருந்தால் இன்னும் நல்லது. படமும் பறவையின் கண்மட்டத்தில் வரும், பின்னணி தூரமாகிக் கரைந்துவிடும்.

சட்டையின் நிறத்தைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் நிறத்தைவிட அசைவுதான் கெடுக்கிறது. சின்னப் பறவைகளின் கண் நம் கண்ணைவிட வேகமாக வேலை செய்யும். நமக்கு ஓட்டமாகத் தெரிகிற அசைவை அவை துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கக்கூடியவை. கேமராவை 'மெதுவாக'த் தூக்கினேன் என்று நாம் நினைப்பது அவற்றுக்கு மெதுவில்லை.

மறைவிடம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நிறுத்திய கார்கூட நல்ல மறைவிடம்தான். கதவைத் திறக்காதவரை பல பறவைகள் அதைச் சட்டை செய்வதில்லை. பிரிட்டனின் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டையொட்டி, பாடம் செய்த மாட்டின் உள்ளே ஆளும் கேமராவும் புகுந்துகொண்டு பறவைகளைப் படம் எடுத்தார்கள். ஐந்து மணி நேரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்ததற்கே முதுகு பிடித்துக்கொண்டது என்று புலம்புகிற நான், மாட்டு வயிற்றுக்குள் குனிந்து நின்றவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

காற்றையும் வெயிலையும் பார்த்து உட்கார வேண்டும் என்கிறார்களே?

பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். அதனால் காற்று நம் முதுகில் பட்டால் அவை நம்மை நோக்கி எழும்பும், நம்மை நோக்கியே இறங்கும். வெயிலும் முதுகுப் பக்கம் இருந்தால் முகத்தில் ஒளி. அன்று எனக்கு வெயில் முதுகில் இருந்தது, காற்று முகத்தில் அடித்தது. தகைவிலான்களின் 62 வால்களுக்குக் காரணம் இதுதான்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்கலாம்?

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 போதும், தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தால் 1/1000. பறப்பதற்கு 1/2000இல் ஆரம்பிக்கலாம். தகைவிலான் நொடிக்கு 10 மீட்டர் பறக்கிறது என்று வைத்துக்கொண்டால் 1/500இல் அது 2 செ.மீ. நகர்ந்துவிடும், 1/2000இல் அரை செ.மீ. கேமராவை அதோடு சேர்த்து ஓட்டினால் உடம்பு நிற்கும். இறக்கையின் வேகம் வேறு கணக்கு.

லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது நம் கை ஆட்டத்துக்கு மட்டும். பறவையின் ஆட்டத்தை அது தடுக்காது.

வேகத்தைக் கூட்டினால் ஒளி குறையும், அதை ஈடுகட்டப் பிம்பத்தைப் பிரகாசமாக்கும் ஐஎஸ்ஓ ஏறும், படத்தில் மணல் மாதிரிப் புள்ளிகள் வரும். வரட்டும். புள்ளி விழுந்த கூர்மையான படத்தைக் கணினியில் ஓரளவு தேற்றிவிடலாம். கலங்கிய படத்தை ஐஎஸ்ஓ 100இல் சுத்தமாக எடுத்து என்ன செய்வது?

முதல் அரைமணி நேரப் படங்கள் ஏன் பால் ஊற்றினமாதிரி இருக்கின்றன?

லென்ஸில் வேர்த்துவிட்டது. ஏசி ஓடிய வண்டியிலிருந்து குளிர்ந்த கண்ணாடியை வெளியே ஈரக்காற்றில் எடுத்தால் அதன்மேல் நீராவி படியும். துடைத்தேன், மறுபடி படிந்தது. கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை இப்படித்தான். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்திருந்துவிட்டுத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. அல்லது வழியிலேயே ஏசியை நிறுத்திவிட வேண்டும்.

ஒன்பது மணிக்குமேல் எடுத்தவையும் கூர்மையாக இல்லையே?

கானல். தரையும் கரையும் சூடேறி, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து நெளியும்போது, அதன் வழியாக வரும் ஒளியும் நெளியும். தூரம் கூடக்கூட மோசமாகும். எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து, ஃபோகஸ் மாறாமலே கூர்மை மட்டும் படத்துக்குப் படம் ஏறி இறங்கினால் கானல் என்று சந்தேகிக்கலாம். அப்போது எழுந்து வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம். நான் போகவில்லை. பதினொரு மணிவரை உட்கார்ந்து இன்னும் 400 படம் எடுத்தேன். மீன்கொத்தி மறுபடி வராதா என்ற நப்பாசை. உறுமீனுக்குக் காத்திருப்பது கொக்குக்குக் கைவந்த கலை. எனக்குக் கைவந்தது பிடிவாதம் மட்டும்.

கொக்கு வெள்ளைக் காகிதம் மாதிரியும், பருந்து கரித்துண்டு மாதிரியும் விழுந்திருக்கின்றனவே?

கேமரா எதைப் பார்த்தாலும் சராசரியாக நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பளீர் வானத்தில் சின்னதாகப் பருந்து இருந்தால், வானத்தைப் பார்த்து 'வெளிச்சம் அதிகம்' என்று மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். கேமரா முடிவு செய்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1இலிருந்து +2வரை ஏற்ற வேண்டும். இருண்ட தண்ணீருக்கு எதிரே வெண்கொக்கு நின்றால் இதற்கு நேரெதிர். இருட்டைப் பார்த்து மொத்தத்தையும் வெளுக்கவைக்கும், இறகுகளின் வரிகள் எல்லாம் அழிந்துபோகும். அங்கே −1 வரை இறக்கலாம். வெளுத்துப்போன இடத்தில் எந்த விவரமும் பதிவாகியிருக்காது, பிறகு கணினியில் எதைப் போட்டாலும் திரும்பி வராது. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நான் பார்த்தது வெண்கொக்கின் கழுத்தழகை.

மீன்கொத்தி என்றால் மின்னுகிற நீலம் அல்லவா? உங்கள் படத்தில் சாம்பலாக இருக்கிறதே?

அதன் நெஞ்சில் இருக்கும் செம்மஞ்சள் சாயம், நிறமி. முதுகின் நீலம் அப்படியில்லை. இறகிழைகளுக்குள் நுரைமாதிரி ஒரு நுண்ணமைப்பு இருக்கிறது. அதில் படும் ஒளியில் நீலத்தை மட்டும் அது வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. அதாவது ஒளி போதுமான அளவு வந்து விழுந்தால்தான் அந்தப் பளபளப்பு. என் தூரத்துக் கிளை அந்த நேரத்தில் நிழலில் இருந்தது. குச்சியில் வெயில் நேராகப் பட்டது. அங்கே உட்கார்ந்தபோது அந்த முதுகு எரிகிற கேஸ் அடுப்புச் சுடர் மாதிரி இருந்தது. சரி, அதைப் பற்றி இனி பேச வேண்டாம்.

குச்சியில் ஃபோகஸ் கிடைத்திருந்தால் படம் உறுதிதானா?

அதுவும் இல்லை. லென்ஸ் 400 மி.மீ., அதன் திறப்பு எஃப் 6.3, தூரம் நான்கு மீட்டர் என்றால் கூர்மையாக விழும் ஆழம் இரண்டரை செ.மீ. அளவுதான். மீன்கொத்தியின் அலகே நான்கு செ.மீ. வரும். அது நம்மை நேருக்கு நேர் பார்த்தால் கண்ணும் அலகு நுனியும் ஒருசேரத் தெளிவாக விழாது. பக்கவாட்டில் திரும்பியிருந்தால் தப்பலாம். எப்படியானாலும் கண்ணில் ஃபோகஸ் வைப்பது என்று வைத்துக்கொண்டால் பார்ப்பவர் மற்றதை மன்னித்துவிடுவார். பத்து மீட்டரில் இதே ஆழம் 15 செ.மீ. ஆகிவிடுகிறது. மிகக் கிட்டத்தில் வருவதிலும் சிக்கல் உண்டு, ஆனால் அது எனக்கு வேண்டியிருந்த சிக்கல்.

எதற்கு 1,140 படம்? பொறுக்கவே ஒரு வாரம் ஆகுமே.

மூன்று இரவு ஆனது. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் நொடிக்குப் பத்துப் படம் விழுகிறது; பயத்தில் விரல் எடுபடுவதில்லை. அதில் இன்னொரு வினை: நான்கைந்து நொடியில் கேமராவின் இடைநினைவகம் நிறைந்துவிடும், பிறகு கார்டில் எழுதி முடிக்கும்வரை கேமரா திணறும். கிளையிலிருந்து மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்த முதல் முறை என் கேமரா எழுதிக்கொண்டிருந்தது. அது சும்மா உட்கார்ந்திருந்ததை நாற்பது முறை எடுத்து எழுதிக்கொண்டிருந்தது.

இப்போது சின்னச் சின்னதாக, மூன்று நான்கு படங்களாக விடப் பழகுகிறேன். தலையாட்டல் ஆரம்பித்தால் மட்டும் நீளமாக அழுத்துவது.

கணினியில் கூர்மையாக்க முடியாதா? இப்போதுதான் என்னென்னவோ வந்துவிட்டதே.

லேசான கலங்கலைச் சரிசெய்கிறது. பஞ்சு உருண்டையைக் கொடுத்தால், மென்பொருள் தனக்குத் தெரிந்த மீன்கொத்தி ஒன்றின் இறகுகளை வரைந்து கொடுக்கும். அதைப் பார்க்க நான் ஏரிக்குப் போகவேண்டியதில்லை.

பறவையின் குரலைப் பதிவிலிருந்து போட்டு வரவழைத்திருக்கலாமே?

வரும். தன் இடத்தில் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வரும். நமக்குப் படம், அதற்கு வீண் பதற்றம். இரை தேடவும் குஞ்சைப் பார்க்கவும் வேண்டிய நேரம் போகும். இனப்பெருக்கக் காலத்தில் இது இன்னும் கெடுதல். கிளையை அசைத்து எழுப்புவது, கல்லெறிந்து பறக்கவைத்து எடுப்பது எல்லாம் இதே வகைதான். நான் செய்வதில்லை. யார் செய்தாலும் பக்கத்தில் உட்காருவதில்லை.

கூட்டைக் கண்டுபிடித்து அங்கே காத்திருந்தால் சுலபமாயிற்றே?

சுலபம்தான், அதனால்தான் தவறு. தாய்ப்பறவை நம்மைக் கண்டு கூட்டைவிட்டு விலகினால் முட்டை குளிர்ந்துபோகலாம், குஞ்சு வெயிலில் வாடலாம். நாம் இலைகளை ஒதுக்கிப் பார்த்த வழியில் காக்கையும் பார்க்கும்.

நமக்கும் ஆபத்து உண்டு. பிரிட்டனின் புகழ்பெற்ற பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங், 1937இல் ஆந்தை ஒன்றின் கூட்டருகே மறைவிடம் அமைத்து எடுத்துக்கொண்டிருந்தார். இருட்டில் மறைவிடத்துக்குத் திரும்பும்போது ஆந்தை முகத்தில் பாய்ந்தது. இடது கண்ணை இழந்தார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பறவைகளைப் படம் எடுத்தார் என்பது வேறு விஷயம். அவர் அனுபவசாலி. நாம் கத்துக்குட்டிகள்.

நடுவில் யாராவது வந்து கெடுத்தார்களா?

நடைப்பயிற்சிக்கு வந்தவர். ஏழே முக்காலுக்கு என் தோளுக்குப் பின்னால் நின்று, "ஏதாவது மாட்டிச்சா சார்?" என்று உரக்கக் கேட்டார். கிளையில் இருந்த மீன்கொத்தி போய்விட்டது. நல்ல மனிதர், பத்து நிமிடம் நின்று, தான் சின்ன வயதில் இதே ஏரியில் பார்த்த பறவைகளைப் பற்றியெல்லாம் சொன்னார். கரை அவருக்கும் சொந்தம்தானே. அவர் போன அரைமணி நேரத்தில்தான் குச்சிக்கு மீன்கொத்தி வந்தது. ஆகவே அவர்மேல் பழி போட வழியில்லை.

அந்தப் பஞ்சு உருண்டைப் படங்களை அழித்துவிட்டீர்களா?

ஒன்றைத் தவிர. பறவை தலையைத் திருப்பிய ஒரு படத்தில், கலங்கலுக்கு நடுவிலும் கீழ் அலகு செம்மஞ்சளாக இருப்பது தெரிகிறது. ஆணுக்கு அலகு முழுக்கக் கருப்பு. பெண்ணுக்குக் கீழ் அலகில் செம்மஞ்சள். ஆக, வந்தது பெண். இரண்டு வாரமாக நான் 'அவன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இ-பேர்டு என்ற இணையப் பறவைப் பதிவேட்டில், அன்று பார்த்த பறவைகளின் பட்டியலோடு அதைச் சேர்த்துவிட்டேன். அழகில்லாத படமும் அங்கே சான்றாக ஆகும்: என்ன பறவை, எந்த நாள், எந்த இடம் என்பதுதான் கணக்கு. மங்கலான படம் என்று வெட்கப்பட்டு அழித்துவிடுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

அடுத்த முறை கிளம்புவதற்கு முன் என்ன பார்ப்பீர்கள்?

பழைய அமைப்புகள் எதுவும் கேமராவில் தங்கியிருக்கக் கூடாது. முந்தின இரவே கார்டைக் காலி செய்து, ஷட்டர் 1/1000, ஐஎஸ்ஓ தானியங்கி, தொடர் ஃபோகஸ், ஒற்றைப் புள்ளி, காம்பன்சேஷன் பூஜ்யம், லென்ஸ் பொத்தான் முழு எல்லை என்று வைத்துவிடுவேன். கரையில் உட்கார்ந்ததும் பறவைக்குக் காத்திராமல் கிட்டத்துக் குச்சியில் ஒரு படம், தூரத்துக் கிளையில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுவேன். இதற்கு ஒரு நிமிடம் ஆகும். அன்று இந்த ஒரு நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் குச்சியில் ஃபோகஸ் விழவில்லை என்பது ஆறு மணிக்கே தெரிந்திருக்கும். அந்த நிமிடத்தில் நான் நாற்காலியின் காலுக்கு அடியில் கல் வைத்துச் சமன் செய்துகொண்டிருந்தேன்.

அந்த மூன்று படங்கள் எவை?

ஒன்று, மேலே சொன்ன செம்மஞ்சள் அலகு. இரண்டாவது, நாமக்கோழி ஒன்று தன் குஞ்சுக்குப் பாசியை நீட்டுவது. மீன்கொத்திக்காகச் சலித்துப்போய் ஏதோ நினைப்பில் திரும்பி அழுத்தியது, எப்படியோ கண்ணில் சரியாக விழுந்துவிட்டது. மூன்றாவது, பொத்தானை முழு எல்லைக்கு மாற்றிய பிறகு சரியாகிவிட்டதா என்று சோதிக்க எடுத்தது. காலிக் குச்சி. அதன் நுனியில் ஈரம், மீனை அடித்த இடத்தில் ஒட்டிய இரண்டு செதில்கள். ஒவ்வொரு செதிலின் விளிம்பும் தெரிகிறது.